பன்னிரண்டு கல் பிடிகள்

நுவரெலியாவில் வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் பன்னிரண்டு இறைச்சிக் கத்திகள் இருந்தன. அந்தப் பன்னிரண்டுக்கும் கல்லில் பிடி போட்டவன் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. அதற்கு முன்னால் நான் தொட்ட வேலைகள் எல்லாமே பாதியில் விட்டவை. முழுதாக முடித்த முதல் வேலை அது.

படிப்பையும் அப்படித்தான் விட்டேன். கந்தப்பளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போனேன். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. பதினான்கு வயதில் மரக்கறி லொறி ஒன்றில் ஏறி ஹட்டனுக்குப் போய் ஒரு பேக்கரியில் மாப் பிசைந்தேன். எழுபதுகளில் மாத் தட்டுப்பாடு வந்து அடுப்பு அணைந்ததும் இரத்தினபுரிக்குப் போனேன். மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தேன். பிறகு கல்லுக்குப் பட்டை தீட்டும் பட்டறை ஒன்றில் கூட்டிப் பெருக்கினேன். அங்கே கல்லை யாரும் என் கையில் கொடுத்ததில்லை. பெருக்குகிறவன் நிமிர்ந்து பார்ப்பதை யாரும் தடுத்ததும் இல்லை. அம்மா இறந்த செய்தி எனக்கு அங்கேதான் வந்தது, பதினொரு நாள் பிந்தி. அந்த வருஷம் தோட்டங்களில் சாப்பாடு இல்லாமல் பலர் போனார்கள். அம்மாவும் போனாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறையில் அக்கா தனியாக இருந்தாள். அவளைப் பார்க்கத் திரும்பி வந்தேன். இரண்டு மாதம் இருந்துவிட்டு மறுபடி கிளம்பினேன்.

அந்த முறை போய்ச் சேர்ந்தது வலப்பனைக்குக் கீழே ஒரு சுண்ணாம்புச் சூளை. மலையை உடைத்து வெள்ளைக் கல்லை எடுத்துச் சூளையில் வேகவைத்துச் சுண்ணாம்பாக்கும் இடம். உடைக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த மலையில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளைக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்கு நீலக் கல் ஓடியது. நீலக் கல் என்றதும் மாணிக்க வியாபாரிகள் தேடும் கல் என்று நினைத்துவிடக் கூடாது. இதுவும் சுண்ணாம்புக் கல்தான், அந்த நிறத்தில் அகப்படுவதுதான் அபூர்வம். மழை விட்டதும் மேகத்துக்கு இடையில் தெரிகிற வானத்தின் நீலம். ஊடே கடுகைத் தூவினது போலப் பச்சையும் கறுப்புமாகப் பொட்டுகள். சூளைக்காரர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அந்தக் கல் வெந்தால் சுண்ணாம்பு வெளுக்காதாம். பொறுக்கிப் பள்ளத்தில் எறியச் சொன்னார்கள். எறிகிற வேலை எனக்கு.

எறிந்து எறிந்துதான் அந்தக் கல்லைப் படித்தேன். விழுந்ததும் அது பொடியாகவில்லை. சரிந்த பெட்டிகளைப் போலப் பிளந்தது. பெட்டியை மறுபடி தட்டினால் அதே சரிவில் சின்னப் பெட்டிகள். பிளந்த முகங்கள் கண்ணாடி மாதிரி மின்னின. கத்தி முனையால் கீறினால் கோடு விழுந்தது. அரம் போட்டால் தேய்ந்தது. இவ்வளவு மென்மையான கல்லுக்கு உருவம் கொடுக்க மெஷின் வேண்டாம், இரண்டு கையும் பொறுமையும் போதும் என்று தோன்றியது. என்னிடம் பேனாக் கத்தி ஒன்று பிடி உடைந்து கிடந்தது. அதற்கு இந்தக் கல்லில் பிடி செய்யப் பார்த்தேன். ஏழு கல் உடைந்தது. எட்டாவது நின்றது.

அந்தக் கத்தியோடு ஒருநாள் நுவரெலியாவுக்கு அரம் வாங்கப் போனேன். கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை. பழைய மணிக்கூடு, பித்தளைச் சாமான், துருப்பிடித்த பூட்டு எல்லாம் வாங்கிச் சரிசெய்து விற்பார். என் இடுப்பில் இருந்த கத்தியைப் பார்த்து, எந்த நாட்டுச் சாமான் என்று கேட்டார். நான் செய்தது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், என் கிழிந்த சட்டையைப் பார்த்தார், பிறகு கத்தியையே பார்த்தார்.

அந்த நேரம் அவருக்கு ஹோட்டலோடு ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஹோட்டலின் இறைச்சிக் கத்திகள் இங்கிலாந்தில் செய்தவை. அலகு நல்ல இரும்பு. பிடிகள் எலும்பு. வருஷக் கணக்காக வெந்நீரில் கழுவி எலும்பு மஞ்சளாகி, வெடித்து, கழன்று வந்தது. புதுக் கத்தி வெளிநாட்டிலிருந்து இறக்க அப்போது வழி இல்லை. சமையல்காரர்கள் நூல் சுற்றிச் சமாளித்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த சிங்களப் பெரியவருக்கு அது பெரிய அவமானம். முதலாளி என்னைக் கொண்டு ஒரு கத்திக்கு நீலக் கல்லில் பிடி போட்டு அவரிடம் காட்டினார். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வேண்டும் என்றாராம். ஒரு நிபந்தனையும் போட்டாராம்: பன்னிரண்டும் ஒரே வயிற்றில் பிறந்ததுபோல இருக்க வேண்டும். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ஹோட்டலில் பெரிய விருந்து. அதற்கு முன்னால் மேசைக்கு வந்துவிட வேண்டும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தம்பி, இது சரியா வந்தா அந்த ஜன்னல் பக்கத்து மேசை உனக்கு. கடைக்குள்ள உனக்கெண்டு ஒரு இடம். வராட்டி, சூளையும் சுண்ணாம்பும் எங்கயும் போயிடல்ல."

இரண்டு சாக்குக் கல்லோடு கடையின் பின்கட்டுக்கு வந்துசேர்ந்தேன். ஜன்னல் மேசையைத் தினமும் பார்ப்பேன். வெளிச்சம் நேராக விழும். அதில் அப்போது ஓடாத மணிக்கூடுகள் அடுக்கியிருந்தன.

பிடி செய்கிற விதத்தைச் சொல்கிறேன். முதலில் கல்லைத் தண்ணீரில் முக்கி வெயிலுக்கு எதிரே பிடிக்க வேண்டும். உள்ளே எங்காவது வெள்ளிக் கம்பி போல ஒளி ஓடினால் அந்தக் கல் அங்கே பிளக்கக் காத்திருக்கிறது என்று அர்த்தம். ஒளி ஓடாத கல்லை நகத்தால் தட்டிக் கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் ஒதுக்க வேண்டும். தேறிய கல்லை, அதன் சரிவு பிடியின் நீளத்துக்குக் குறுக்கே வராதபடி திருப்பி வைத்து, இரும்பு அறுக்கும் வாளால் தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். அழுத்தக் கூடாது. வாளின் பாரமே போதும். பிறகு கத்தி அலகின் அடியில் நீளும் வால் நுழைய நடுவில் துளை. குடைக் கம்பியைத் தட்டையாக்கி, வில்லில் கட்டிச் சுழற்றித் துளைத்தேன். பாதி கல் இந்த இடத்தில்தான் போகும். நாள் முழுக்கத் துளைத்து, மறுமுனை தெரிய ஒரு நூல் இருக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் சின்னதுதான். அன்றைய நாள் முடிந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கல்லை எடுப்பேன். அதற்கு முன் எந்த வேலையிலும் நான் அடுத்ததை எடுத்ததில்லை. ஏன் இதில் மட்டும் எடுத்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

துளை தப்பினால் அரம். அதற்குப் பிறகு சலித்த மணலும் ஈரச் சாக்கும். அதற்குப் பிறகு சாம்பலும் துணியும். கடைசியில் மெழுகு. தேய்க்கத் தேய்க்க நீலம் ஆழமாகும். முடிந்த பிடியில் முகம் தெரியும். மாதிரிக் கத்தியோடு சேர்த்துப் பன்னிரண்டு பிடிக்கு நாற்பதுக்கு மேல் கல் உடைந்தது. மிச்சம் ஒரே ஒரு துண்டு. அதிலும் ஓரத்தில் ஒளி ஓடியது. சூளையில் அந்த நீலக் கல் ஓட்டமும் அதற்குள் வெட்டித் தீர்ந்துவிட்டது என்று ஆட்கள் சொன்னார்கள்.

அலகைப் பிடியில் பொருத்த அரக்கும் செங்கல் தூளும் சேர்த்து உருக்கி ஊற்ற வேண்டும். அங்கேதான் நுவரெலியாக் குளிர் குறுக்கே வந்தது. குளிர்ந்த கல்லில் சூடான அரக்கு பட்டால் அந்த நிமிஷமே பிளந்துவிடும். கல்லை மெல்ல மெல்லச் சூடாக்கி, ஊற்றி, அதே மாதிரி மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். மாதிரிக் கத்தியை அப்போதைக்கு வெறும் மெழுகால்தான் ஒட்டிக் காட்டியிருந்தோம். கடையில் அடுப்பு இல்லை. அக்காவின் அடுப்பு ஞாபகம் வந்தது. அவள் தணலை அணையவிடுவதில்லை, சாம்பலுக்குள் மூடி வைத்திருப்பாள். பிடிகளைச் சாக்கில் சுற்றி, கத்திகளையும் பன்னிரண்டு துளை போட்ட பலகை ஒன்றையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு பஸ் ஏறினேன்.

அக்கா கொழுந்து எடுக்கிறவள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், கேட்க ஆள் வரவில்லை என்பாள். நான் சாக்கோடு வந்ததைப் பார்த்து, "என்னடா, இந்த தடவ மூட்டையோட வந்திருக்க. அப்ப நாலு நாளாவது இருப்ப" என்றாள். பிடிகளை அவிழ்த்துக் காட்டினேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஒன்றை எடுத்தாள். பக்கத்துக் காம்பராக்காரியை, அடுத்த அறையில் இருப்பவளை, கூப்பிட்டுக் காட்டினாள். அந்தப் பக்கத்துக் காம்பராக்காரி அடுத்தவளைக் கூப்பிட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது.

பிடிகளை வெதுவெதுப்பான சாம்பலில் புதைத்து, அரக்கு ஊற்றி, அலகுகளை இறக்கினேன். பிடி கீழே, அலகு மேலே இருக்கும்படி பலகைத் துளைகளில் நிறுத்த வேண்டும். அலகு தன் பாரத்தில் உட்கார்ந்தால்தான் நேராக நிற்கும். ஒன்றுகூடப் பிளக்கவில்லை. இரண்டு நாளைக்கு யாரும் தொடக்கூடாது என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, கத்திகளை வைத்துக் கொடுக்கப் பெட்டி செய்ய டவுனுக்குப் போனேன். அது சரஸ்வதி பூசை வாரம். அது எனக்கு ஞாபகமே இல்லை.

தோட்டத்தில் ஆயுத பூசை அன்று தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துச் சாமிக்கு முன்னால் வைப்பார்கள். புது ஆயுதம் என்றால் முனையில் எலுமிச்சம்பழம் குத்துவார்கள். கண் படாமல் இருக்க. எங்கள் லயத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பூசைக்கு மறுநாள் மத்தியானம் பெட்டியோடு வந்தேன். அறை சாம்பிராணி வாசமாக இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் என் பலகை. பன்னிரண்டு கத்தியும் நான் நிறுத்தியபடியே நின்றன. அக்கா ஒன்றையும் தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். முனைகளில் மட்டும் பன்னிரண்டு எலுமிச்சம்பழங்களைக் குத்தி வைத்திருந்தாள். சாறு அலகு வழியே இறங்கி, அலகைக் கறுக்கவைத்து, பிடிகளில் வழிந்திருந்தது. வழிந்த இடமெல்லாம் கல்லை அரித்து, முகம் தெரிந்த பளபளப்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். அழுத முகத்தில் கண்ணீர் காய்ந்த மாதிரி.

அக்கா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சந்தோஷப்படுவேன் என்று காத்திருந்தாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் கோபம் நிற்க இடமில்லை. சூளையில் கல் நல்லதா என்று பார்க்க நாங்கள் செய்கிற முதல் வேலை, அதன் மேல் எலுமிச்சம்பழம் பிழிவது. பொங்கினால் சுண்ணாம்புக் கல். பொங்காவிட்டால் எறி. தினமும் நானே பிழிந்திருக்கிறேன். தொடாதே என்று சொல்லத் தெரிந்தவனுக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை. பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். அக்காவின் சிரிப்பு நின்றது. "சாமிக்கு வச்சதுடா" என்றாள். பிறகு பழங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

மறுபடி தேய்த்தால் கோடு போய்விடாதா என்று கேட்டாள். கோட்டில் நகத்தை வைத்துக் காட்டினேன். நகம் உள்ளே இறங்கியது. அந்த ஆழத்துக்குத் தேய்த்தால் பிடி மெலிந்து உள்ளே இருக்கும் இரும்பு வெளியே வந்துவிடும். வேறு கல்லும் இல்லை. இருப்பது ஒரே துண்டு. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முன்பென்றால் நான் அப்போதே எழுந்து பஸ்ஸுக்குப் போயிருப்பேன். எங்கே என்று தெரியாமல் போய்விடுவது எனக்குக் கைவந்த வேலை. அக்காவுக்கும் அது தெரியும். அதனால்தானோ என்னவோ, என் காலடியில் இருந்த பெட்டியை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

ஒரு கத்தியை எடுத்து, கோடு விழுந்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். கொழுந்து எடுக்கிறவர்களின் விரல் நுனி கறை ஏறி வெடித்துக் கறுப்பாக இருக்கும். அந்த விரலுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கக் கூடாது. கண்ணால் பார்க்காமலே இளங்கொழுந்தையும் முற்றின இலையையும் பிரிக்கிற விரல் அது.

"முந்தி மீனு மாதிரி நழுவுச்சு. இப்ப இந்த எடம் பூன நாக்கு மாதிரி கையப் புடிக்குது" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். சாறு கல்லை மட்டும்தான் தின்றிருந்தது. கடுகு போலப் பச்சையும் கறுப்புமாக இருந்த பொட்டுகளை அதனால் தின்ன முடியவில்லை. அவை அப்படியே எழும்பி நின்றன. மெழுகுப் பளபளப்பில் மறைந்து கிடந்த வெள்ளை நரம்புகளும் தெரிந்தன. கோட்டைக் கோடாகப் பார்த்தால் காயம். பிடி முழுக்க அப்படி இருந்தால்?

பழம் போதாது. அக்கா ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்தில் வீடு வீடாகப் போனாள். பூசைக்கு மறுநாள் ஆனபடியால் எல்லா வீட்டிலும் எலுமிச்சம்பழம் கிடந்தது. எதற்கு என்று கேட்டார்கள். தம்பிக்கு என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பைத்தியம் பிடித்தவர்களுக்குத் தலையில் எலுமிச்சம்பழம் தேய்ப்பது எங்கள் பக்கத்து வைத்தியம். கடைசி வீட்டுக்காரி எங்கள் வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்து, "நல்லாத்தான இருந்தான். எப்ப இருந்து?" என்று அக்காவிடம் கேட்டாள். "பொறந்ததுல இருந்து" என்றாள் அக்கா.

மெழுகை வெந்நீர்த் துணியால் எடுத்தோம். சாற்றில் நனைத்த துணியைப் பிடியில் சுற்றி, உருட்டிக்கொண்டே இருந்தோம். துணிக்குள் கல் பொங்குகிற சத்தம் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி லேசாகக் கேட்டது. எவ்வளவு நேரம் என்பது எனக்குத் தெரியாது. அக்கா வெற்றிலையை வாயில் போட்டாள். அதை மென்று துப்புகிற வரைக்கும் ஒரு கத்தி. கழுவிப் பார்த்தோம். பழைய கோடு கொஞ்சம் தெரிந்தது. இன்னொரு வெற்றிலை. அப்போது கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அப்படியே இரண்டு வெற்றிலைக்கு ஒரு கத்தியாக வெள்ளி மாலையும் சனி முழுக்கவும் செய்தோம். அக்காவுக்கு வாய் புண்ணாகிப்போனது. அலகுகளைச் செங்கல் தூள் போட்டு வெளுத்தேன்.

ஒன்றில் தவறு நடந்தது. பூசைப் பழங்களில் குங்குமம் இருந்தது. கழுவித்தான் பிழிந்தோம். எப்படியோ ஒரு பழத்தில் மிச்சம் இருந்து, ஒரு பிடியின் நரம்பில் சிவப்பு ஏறிவிட்டது. எவ்வளவு கழுவியும் போகவில்லை. அதையும் பெட்டியில் வைத்தேன்.

திங்கட்கிழமை கடையில் பெட்டியைத் திறந்ததும் முதலாளி மாதிரிக் கத்தியைத் தேடி எடுத்தார். முன்பு அதில் முகம் பார்த்துத் தாடியைச் சரிசெய்து காட்டினவர் அவர். இப்போது அதே கத்தியில் முகம் இல்லை. "தம்பி, மையத்து வீட்டு விளக்கு மாதிரி மங்கிப் போயிருக்கு" என்றார், சாவு வீட்டைச் சொல்லி. நடந்ததைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு, போய்க் காட்டுவோம், திட்டினால் இருவருமாகக் கேட்போம் என்றார். அந்த 'இருவருமாக' என்ற வார்த்தையை நான் மறக்கவில்லை.

ஹோட்டல் சமையலறைக்குப் பக்கத்தில் பாத்திரம் துடைக்கிற அறையில் வைத்துப் பெரியவர் பெட்டியைத் திறந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைச் சாரம், தலையில் பழைய காலத்துச் சிங்களவர் செருகுகிற வளைந்த ஆமையோட்டுச் சீப்பு. ஒரு கத்தியை எடுத்தார். முதலாளி சிங்களத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். குழாயடிக்குப் போனார். கையில் சவர்க்காரத்தை நன்றாகப் போட்டுக்கொண்டு, நுரையோடு கத்தியைப் பிடித்து ஓங்கி ஓங்கி ஆட்டினார். பிறகு ஒரு தட்டிலிருந்த பன்றிக் கொழுப்பைக் கையில் தடவிக்கொண்டு மறுபடி பிடித்தார். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மேக்க லிஸ்ஸன்னே நே" என்றார் பெரியவர். வழுக்கவில்லை என்று.

மாதிரிக் கத்தியைப் பார்த்தபோதே அவருக்கு அந்தப் பயம் இருந்திருக்கிறது. வழவழப்பான பிடி பெரிய மனிதர் ஒருவரின் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தால் பழி அவர் தலையில். அழகாக இருந்தபடியால் வாய் திறக்கவில்லையாம். இதெல்லாம் அவர் முதலாளியிடம் சொல்லி, முதலாளி எனக்குச் சொன்னது. பிறகு பெரியவர் கத்திகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து மேசையில் வரிசையாக வைத்தார். பதினொன்று வைத்தார். பன்னிரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சிவப்பு நரம்பு.

ஒரே வயிறு என்று முதலிலேயே சொன்னவர். அதை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது நியாயம் இல்லை. நான் கேட்கவில்லை. இதே மாதிரி இன்னொன்று வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். வெளியே வந்ததும் முதலாளி, எப்படி முடியும் என்று கேட்டார். தெரியாது என்றேன். ஆனால் அவர் நடையை நிறுத்தவில்லை.

சிவப்பு ஏறிய பிடியை வெந்நீரில் வைத்து அரக்கை இளக்கி அலகைக் கழற்றினேன். மிச்சமிருந்த ஒரே துண்டை எடுத்தேன். ஒளி ஓடிய ஓரத்தை அரத்தாலேயே தேய்த்துத் தள்ளினேன், வாள் போடவில்லை. அதற்கு ஒரு நாள். துளை போட ஒன்றரை நாள். துளைக்கும்போது வில்லை இழுக்கிற கையோடு மூச்சையும் பிடித்துக்கொள்வேன். 'டிக்' வரவில்லை. உருவம் வந்துவிட்டது. இனி இருப்பது சாறு. எல்லாம் போய்விடுவதும் அதில்தான். குறைந்தால் பதினொன்றோடு சேராது. கூடினால் திரும்பி வராது.

வியாழன் காலையில் முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அந்த நாள் கூலி போய்விடும். யோசித்துவிட்டு, "ஒரு நாள் பேரு போனா போகுது" என்று கூடையை இறக்கினாள். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சுற்றிவிட்டுத் தம்பி திரும்பி வருவதைப் பார்த்துப் பழகியவள், என்னோடு பஸ்ஸில் ஏறியது அதுதான் முதல் தடவை.

நான் முதல் நாளே கேட்டிருந்தபடி, கடையில் அடுப்புக்குப் பதில் முதலாளி தன் வீட்டிலிருந்து தணல் சட்டி ஒன்று கொண்டுவரச் செய்திருந்தார். கல்லைச் சூடாக்கி, அரக்கு ஊற்றி, அலகை இறக்கி, இரண்டு நாள் விட நேரம் இல்லாதபடியால் பின்னேரம் வரை மட்டும் ஆறவைத்தோம். ஜன்னல் மேசையில் வெளிச்சம் நல்லதாக இருந்தபடியால் முதலாளி தானே மணிக்கூடுகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். அக்காவுக்கு ஒரு முக்காலி. "வாங்க தங்கச்சி" என்றார்.

டவுனில் வாங்கிய பழம் புதுசு. பிழிந்த உடனே துணிக்குள் சத்தம் அதிகமாகக் கேட்டது. அக்கா வெற்றிலையை எடுத்தாள், ஆனால் வாயில் போடவில்லை. என்னிடம் கொடுத்துவிட்டு, துணியை விலக்கி விரலை வைத்தாள். மூடினாள். மறுபடி விலக்கி வைத்தாள். ஒரு வெற்றிலை நேரம்கூட ஆகியிருக்காது.

"போதும்" என்றாள்.

"இன்னும் ஒரு தடவை வைக்கணும் அக்கா. அங்க ரெண்டு வெத்தல வச்சோம்."

"அது காஞ்ச பழம். இது வேற."

"கொஞ்ச நேரம் மட்டும்."

"இந்த வெரலுக்குத் தெரியும். கழுவு."

கழுவினேன்.

வெள்ளிக்கிழமை பெரியவர் பதினொரு கத்தியை மேசையில் பரப்பி, புதியதை என் கையிலிருந்து வாங்கி, எங்களைத் திரும்பி நிற்கச் சொன்னார். திரும்பிப் பார்த்தபோது பன்னிரண்டும் வரிசையாக இருந்தன. புதியது எது என்று என்னைக் கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றையும் எத்தனை நாள் கையில் வைத்திருந்தவன் நான். ஐந்தாவதைக் காட்டினேன். பெரியவர் இல்லை என்று தலையாட்டினார். ஒன்பதாவதைக் காட்டினேன். அதுவும் இல்லை. இன்னொரு நாள் பேரும் போனால் போகட்டும் என்று எங்களோடு வந்து வாசலில் நின்ற அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவர் மூன்றாவதை எடுத்துக் காட்டினார். பிறகு அதை மறுபடி வரிசையில் வைத்து, பன்னிரண்டையும் பச்சைத் துணி விரித்த இழுப்பறைக்குள் அடுக்கி, சாவியால் பூட்டினார். சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

முதலாளி என் தோளில் கை வைத்து, நாளைக்கு அந்த மணிக்கூடுகளைப் பின்கட்டுக்குத் தூக்கு, உனக்கு மேசை வேணுமே என்றார்.

சமையலறையில் எங்கள் மூவருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்கள். பூப் போட்ட கோப்பை, அடியில் தட்டு. அக்கா இரு கையாலும் பிடித்து ஒரு மிடறு குடித்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். நன்றாக இருக்கிறதா என்று பெரியவர் கொச்சைத் தமிழில் விசாரித்தார்.

"நல்ல தண்ணி. தூளுதான் சுமார்" என்றாள் அக்கா. "கவ்வாத்து வெட்டுன வருசத்துக் கொழுந்து இல்ல இது. முத்தல் கலந்திருக்கு. உங்களுக்குக் குடுக்கறவன் ஏமாத்துறான்."

முதலாளி அதைச் சிங்களத்தில் சொன்னார். பெரியவர் தன் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்து, வாயில் வைத்திருந்து விழுங்கினார். பிறகு சமையல்காரனைக் கூப்பிட்டுத் தேயிலை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார்.